அப்புறம் அக்கா

கண் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் பொய் சொல்லியிருக்கிறேன். நீங்களும் சொல்லியிருப்பீர்கள். "முதலாவது தெளிவா, ரெண்டாவது தெளிவா?" என்று கேட்கிறார்கள். இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அப்படிச் சொன்னால் நம்மை மக்கு என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்து, குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்லிவிடுவோம். பிறகு, தப்பான கண்ணாடியை மாட்டிக்கொண்டு அலையப்போகிறோமே என்று ஒரு வாரம் கவலைப்படுவோம். நான் அந்த ரகம். அடுப்பை அணைத்தேனா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் இறங்கி, புக்கிட் பாஞ்சாங்குக்கே திரும்ப ரயில் ஏறிய நாட்கள் உண்டு.

தேக்காவில் நகைக்கடைகளுக்குப் பின்னால் ஒரு குறுகலான படிக்கட்டு. ஏறினால் ஒரு சின்னக் கண்ணாடிக் கடை. இப்போது அங்கே கைபேசி உறை விற்கிறார்கள். அந்தக் கடையின் இருட்டறையில்தான் அக்காவை முதலில் சந்தித்தேன். ஐம்பதை ஒட்டிய வயது, காதுவரை வெட்டிய முடி, கழுத்தில் எதுவும் இல்லை. என் மூக்கின்மேல் ஒரு கனமான சட்டத்தை மாட்டி, வில்லையை எடுத்துப் போட்டு, "முதலாவதா, ரெண்டாவதா?" என்றார்.

"ரெண்டாவது."

"நான் மாத்தவே இல்லம்மா. ரெண்டு தடவையும் அதே லென்ஸ்தான்."

எனக்கு முகம் சுட்டது. அவர் சிரிக்கவில்லை. "தெரியலன்னா தெரியலன்னு சொல்லலாம்லா. அதுவும் பதில்தான்" என்றார். பிறகு எனக்கு எங்கே வேலை, எதைப் படிக்கும்போது கண் வலிக்கிறது, தலைவலி எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே போனார். நான் பதில் சொல்லி நிறுத்தினால் சின்ன இடைவெளி விட்டு, "அப்புறம்?" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் என் அலுவலகத்துக் கப்பல் சரக்குப் பத்திரங்கள், என் மேலாளர், தூக்கமின்மை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கண்ணாடி வாங்கப் போன இடத்தில் முக்கால் மணி நேரம் ஓடியிருந்தது.

கிளம்பும்போது, "சீட்டு ஆடுவீங்களா?" என்றார்.

"ரம்மி."

"பத்தாது. பரவால்ல. எனக்கு ஒழுங்கா பதில் சொல்ற ஆள்தான் வேணும். நீங்க பொய் சொன்னா முகத்துல தெரியுது. நல்லது."

இப்படித்தான் நான் பிரிட்ஜ் ஆட்டத்துக்குள் இழுக்கப்பட்டேன். என் வீட்டில் அவருக்கு 'அப்புறம் அக்கா' என்று பெயர் வைத்ததும் அந்த வாரமேதான். என் கணவர் வைத்தார்.

பிரிட்ஜ் தெரியாதவர்களுக்கு இவ்வளவு போதும். மேசையைச் சுற்றி நான்கு பேர். எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு ஜோடி. ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. ஆட்டத்துக்கு முன்னால் ஓர் ஏலம் நடக்கும். அதில் நம் ஜோடிக்கு நம்மிடம் என்ன இருக்கிறது என்று தெரிவிக்க வேண்டும். வாயால் அல்ல. 'ஒரு கிளப்', 'இரண்டு ஹார்ட்' என்று அச்சடித்த அட்டைகளை மேசையில் வைத்து மட்டும். ஒவ்வோர் அட்டையும் முந்தியதைவிட ஒரு படியாவது மேலே இருக்க வேண்டும். அட்டைகள் மொத்தமே முப்பத்தைந்து. சொல்ல வேண்டியதோ ஏராளம்.

சாதாரணமாக இருவரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வார்கள். அக்காவுக்கு அது பிடிக்காது. "ரெண்டு பேரும் பேசினா யாரு கேக்கறது?" என்பார். அவர் முறையில் ஒருவர் கேட்பார், மற்றவர் பதில் மட்டும் சொல்வார். அக்கா இருப்பதிலேயே மலிவான, அடுத்த படி அட்டையை வைப்பார். அதற்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது, 'அப்புறம்?' என்பதைத் தவிர. நான் அதிலிருந்து இத்தனையாவது படி என்று எண்ணிப் பதில் அட்டையை வைக்க வேண்டும். முதல் படி என்றால் ஒரு சேதி, இரண்டாம் படி என்றால் வேறு சேதி. அவர் மறுபடி 'அப்புறம்?' நான் மறுபடி ஒரு படி. ஐந்தாறு சுற்றில் என் பதின்மூன்று சீட்டும் அவருக்குத் தெரிந்துவிடும். அவர் கையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எதிராளிகளுக்கும் தெரியாது. கடைசியில் அவரே முடிவை வைப்பார், நான் வாயை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்ள வேண்டும்.

ரிலே என்று இதற்குப் பெயர். உலகத்தில் பல பேர் செய்கிறார்களாம். ஆனால் அக்காவின் முறை அக்காவே முதலிலிருந்து தைத்தது. பழைய மருந்துச் சீட்டுப் படிவங்களின் பின்பக்கத்தில் பென்சிலால் கட்டம் போட்டு, எந்தச் சேதி அடிக்கடி வருமோ அதற்குக் கீழ்ப்படி, அபூர்வமாக வருவதற்கு மேல்படி என்று நான்கு வருடம் ஒதுக்கி ஒதுக்கி எழுதியிருந்தார். நான் வந்த பிறகு இன்னும் இரண்டு வருடம். அழித்து அழித்துச் சில இடங்களில் தாள் கிழிந்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தபின் ஒரே ஓர் அட்டை மிஞ்சியது. மூன்று ஸ்பேடு. அதற்கு நேரே அவர் எழுதியிருந்தார்: 'திருப்பிக் கேள்.'

"இது என்னக்கா?"

"இத வெச்சின்னா முறை மாறுது. அப்புறம் நீ கேளு, நான் பதில் சொல்றேன்."

இரண்டு வருடத்தில் அந்த அட்டையை நான் ஒருமுறைகூட வைத்ததில்லை. நான் கேட்டு, நான் கணக்குப் போட்டு, நான் முடிவெடுப்பதா? கனவிலும் நடக்காது.

மேசைக்கு வெளியிலும் அதே கதைதான். என் கணவருக்கு வேலை போன செய்தியை என் அம்மாவுக்குச் சொல்லுமுன் அக்காவிடம் சொன்னேன். பஃபலோ ரோட்டுக் கடையில் தே தாரிக் தேநீர் ஆறிக்கொண்டிருக்க, மூன்று முறை "அப்புறம்?" என்றார், அவ்வளவுதான். எழுந்தபோது மனசு லேசாகிவிட்டது. வீட்டுக்கு வரும் ரயிலில்தான் உறைத்தது, அவரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்று. பாசிர் ரிஸ்ஸில் வீடு. அவ்வளவுதான். கல்யாணம் ஆனவரா? அம்மா அப்பா உண்டா? ஒரு ஞாயிற்றுக்கிழமை பாசிர் ரிஸ் கடைத்தொகுதியில் அவரைத் தற்செயலாகப் பார்த்தேன். கையில் நாசி லெமாக் சோறு, இரண்டு பொட்டலம். இரண்டாவது யாருக்கு? கேட்க நாக்கு துடித்தது. நான் கேட்பதற்குள் அவர், "என்ன இந்தப் பக்கம்?" என்றார். நான் என் நாத்தனார் வீட்டு விசேஷத்தை முழுசாகச் சொல்லி முடித்தபோது அவருடைய பேருந்து வந்துவிட்டது.

இப்போது அவர் தங்கையோடு பெர்த்துக்குக் குடிபோய்ச் சில வருடம் ஆகிறது. தங்கை ஒருத்தி இருக்கிறாள் என்பதே எனக்கு எத்தனை தாமதமாகத் தெரிந்தது என்று நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் பிரிட்ஜ் மன்றம் தோ பாயோவில், சனிக்கிழமை பிற்பகல்களில் கூடும். வீட்டில் தைத்த முறைகளை அங்கே சும்மா ஆடவிட மாட்டார்கள். மூன்று மாதச் சோதனை. அதற்குள் எந்தப் புகாரும் நிரூபணமாகாவிட்டால் அனுமதி. ஒரு புகார் நிரூபணமானாலும் முறையைக் கட்டி வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான். எதிராளி எந்த அட்டைக்கு அர்த்தம் கேட்டாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட நாளில் அக்காவின் பேனா சற்று நின்றதைக் கவனித்தேன். ஆறு வருட உழைப்பு, என் ஒருத்தியின் பிசகாத பதிலை நம்பி நிற்கிறது. அன்றிலிருந்து எனக்குச் சனிக்கிழமை காலைகளில் சோறு இறங்காது.

என் பிரச்சினை படி எண்ணுவது. ஒரு படி தப்பினால் அதற்கு மேலே உள்ள அத்தனையும் தப்பு. நான் செய்யும் தப்பு எப்போதும் ஒன்றேதான்: அக்கா வைத்த கேள்வி அட்டையையே 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கிவிடுவேன். "கேள்விய எண்ணாத. அடுத்ததுலேருந்து ஆரம்பி" என்று அவர் நூறு தடவை சொல்லியிருப்பார். டவுன்டவுன் தடத்து ரயிலில் போகும்போது கைபேசிக்குச் சோதனைக் கேள்விகள் வரும். பதில் அனுப்புவேன். சரியென்றால், 'அப்புறம்?' தப்பென்றால், 'கேள்விய எண்ணிட்ட.'

பயத்தில் நான் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன். அம்மாவின் பழக்கம் அது. பேருந்தில் ஜெபமாலையை வெளியே எடுக்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டே ஜெபம் எண்ணுவாள். சுண்டுவிரலின் அடிக்கணுவில் ஒன்று, நடுவில் இரண்டு, நுனியில் மூன்று. நாலாவதுக்குக் கட்டைவிரல் மோதிரவிரலுக்குத் தாவும். இடது கையில் சீட்டு, வலது கை மேசை விளிம்பில். நான் எண்ணுவது எனக்கே தெரியாது. அவ்வளவு இயல்பாகிவிட்டிருந்தது.

சோதனை முடிய இரண்டே சனிக்கிழமை பாக்கி. எதிரே ஒரு வயதான சீனத் தம்பதி. தங்கமானவர்கள். அந்த அம்மாள் வந்ததும் எங்களுக்குப் புதினா மிட்டாய் கொடுத்தார். இரண்டாவது ஆட்டத்தில் அக்காவுக்குப் பலமான கை விழுந்திருக்க வேண்டும், அப்புறம் அப்புறம் என்று ஏறிக்கொண்டே போனார். கடைசிக் கேள்வி, நான்கு கிளப். என்னிடம் எத்தனை ஏஸ்? மூன்றாம் படி என்றால் ஒன்று. நான்காம் படி என்றால் இரண்டு. என்னிடம் இரண்டு இருந்தது. எண்ணினேன். அட்டையை வைத்தேன். நான்கு ஸ்பேடு.

வைத்த கணமே தெரிந்துவிட்டது. கிளப்புக்கு மேலே டைமண்ட் ஒன்று, ஹார்ட் இரண்டு, ஸ்பேடு மூன்று. மூன்றாம் படியை வைத்துவிட்டேன். கேள்வியை எண்ணிவிட்டேன். இனி அட்டையை எடுக்க முடியாது.

பெரியவர் அக்காவிடம் அர்த்தம் கேட்டார். "ஒரு ஏஸ்" என்று அக்கா அமைதியாகச் சொன்னார். எங்கள் முறைப்படி அது சரி. அக்காவிடம் இருந்ததும் ஒன்றுதான் என்று பிறகு தெரிந்தது; என்னிடமும் ஒரே ஏஸ் என்றால் எதிராளிகளிடம் இரண்டு இருக்கிறது. ஐந்தில் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். அக்கா அட்டைப் பெட்டிமீது கையை வைத்தபடி சிறிது யோசித்தார். பிறகு ஆறு ஹார்ட் வைத்தார். அதாவது பதின்மூன்றில் பன்னிரண்டை எடுக்கிறேன் என்று. எடுத்தும் காட்டினார்.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. பெரியவருக்குத் திருப்தி இல்லை. மேசைமேல் விரித்து வைத்திருந்த என் சீட்டுகளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். மெதுவாக, மரியாதையாகத்தான் பேசினார். ஆங்கிலத்தில் நடந்ததைத் தமிழில் சொல்கிறேன். "ஒரு ஏஸ் என்று எங்களிடம் சொன்னீர்கள். இரண்டு இருப்பதுபோல ஆறு வைத்தீர்கள். இவரிடம் உண்மையிலேயே இரண்டு இருக்கிறது. மன்னிக்கவும், இவருடைய கட்டைவிரல் அசைவதை நான் பார்த்தேன்." நடுவரைக் கூப்பிடக் கையைத் தூக்கினார்.

நடுவர் ஒரு கண்டிப்பான யூரேசியப் பெண்மணி. வந்து நின்று என்னைத்தான் முதலில் கேட்டார். விரலால் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

பக்கத்து மேசைகள் எல்லாம் அடங்கிப்போயின. எண்ணினேன் என்று சொன்னால் அதுவே சைகை ஆகிவிடும், முடிந்தது கதை. ஆறு வருடம் என் கணுவில் ஆடிக்கொண்டிருந்தது. எங்கிருந்து வந்ததோ, சொல்லிவிட்டேன்: "ஜெபம் செய்துகொண்டிருந்தேன். நான் கத்தோலிக்கர். பதற்றத்தில் அப்படிச் செய்வேன்."

இந்த ஊரில் மதம் என்று ஒரு சொல் விழுந்துவிட்டால் யாரும் அதற்குமேல் கேட்க மாட்டார்கள். பெரியவர் கையைக் கீழே இறக்கினார். அவர் மனைவி, "அடடா, நாங்கள் அப்படி நினைக்கவில்லை" என்றார். நடுவர் குறிப்பேட்டை மூடப் போனார். பிழைத்துவிட்டோம். சத்தியமாக அந்த நொடியில் எனக்கு வெட்கம்கூட வரவில்லை. அவ்வளவு நிம்மதி.

"இல்ல" என்றார் அக்கா.

எல்லாரும் அவரைப் பார்த்தோம். எப்போதும் கேள்வி மட்டும் கேட்கிற மனுஷி, யாரும் கேட்காமலே பதில் சொல்ல ஆரம்பித்தார். "அவள் ஜெபம் செய்யவில்லை. எண்ணிக்கொண்டிருந்தாள். அட்டை மூன்று என்றது, விரல் நாலு என்றது. அவள் பொய் சொல்ல எண்ணவில்லை, தப்பாக எண்ணிவிட்டாள். நான்தான் அட்டையை விட்டுவிட்டு விரலை நம்பினேன். குற்றம் என்னுடையது."

அந்த ஆட்டத்தின் மதிப்பெண்ணை எடுத்துவிட்டார்கள். அதைவிடப் பெரியது, புகார் நிரூபணமானதாகப் பதிவானது. முறைக்கு அனுமதி இல்லை என்று மறுவாரம் கடிதம் வரும் என நடுவர் வருத்தத்தோடு சொன்னார். பெரியவர் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

லிஃப்டில் நாங்கள் இருவர் மட்டும். "ஏங்க்கா? நான் காப்பாத்திட்டேன்ல? எல்லாம் முடிஞ்சிடுச்சுலா, அவங்க போயிட்டாங்க, நீங்க ஏன் வாயத் திறந்தீங்க?" என்றேன். மூன்றாவது மாடி, இரண்டாவது மாடி, ஒன்று. கதவு திறந்தது. அவர் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

மூன்று வாரம் என் கைபேசியில் 'அப்புறம்?' வரவில்லை. ரயிலில் கை சும்மாவே கணுக்களைத் தொட்டுக்கொண்டிருந்தது. கோபமெல்லாம் நாலு நாளில் வடிந்துவிட்டது. அதற்குப் பதிலாக வேறொரு பயம் வந்து உட்கார்ந்தது. அன்றைக்கு மட்டும்தான் விரலைப் பார்த்தாரா? இரண்டு வருடமாக நாங்கள் ஜெயித்ததெல்லாம் என்ன? முறையா, என் கட்டைவிரலா? பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் ஜெபப் பொய்யைச் சொல்லிவிட்டேன். இதை யாரிடம் சொல்வது? ஒருத்தரிடம்தான் கேட்க முடியும், அவரிடமோ நான் எதையும் கேட்டதே கிடையாது.

கண்ணாடியின் காலில் திருகு தளர்ந்திருந்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு தேக்கா படிக்கட்டில் ஏறினேன். அக்கா நிமிர்ந்து பார்த்தார். இளைத்திருந்தார். "உள்ள வா, பவர் பாத்துடலாம்" என்று மட்டும் சொன்னார். இருட்டறை. பழைய சட்டம் மூக்கில் ஏறியது.

"முதலாவதா, ரெண்டாவதா?"

அட்டை இல்லாததால் வாயாலேயே சொன்னேன்: "மூணு ஸ்பேடு."

வில்லை பிடித்த கை நின்றது. எனக்கு முன்னால் எல்லாமே மங்கலாகத்தான் தெரிந்தது. அவர் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்காரும் சத்தம் கேட்டது. மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்காருவாரே, அதே தூரம்.

"கேளு."

"எப்பலேருந்து என் விரலப் பாத்தீங்க?"

"தெரியல."

நான் காத்திருந்தேன். அவர் எனக்குக் கற்றுத்தந்த இடைவெளிதான்.

"நெசமாவே தெரியலம்மா. பாக்கறதுதான் என் வேலை. எதிர்ல ஒருத்தங்க உக்காந்தா கண்ணு, கை, கழுத்து எல்லாத்தையும் பாத்துடுவேன். அன்னிக்கு ஆறு வெச்சப்பதான் எனக்கே தெரிஞ்சது, நான் அட்டையப் பாத்து வைக்கலன்னு. அதுக்கு முன்னாடி எது உன் அட்டை, எது உன் விரலு, எனக்குப் பிரிக்கத் தெரியல. நீ ஜெபம்னு சொன்னதும் எல்லாரும் நம்பிட்டாங்க. நானும் நம்பிடலாம்னு ஒரு நிமிஷம் ஆசையா இருந்துச்சு. அதான் பயந்துட்டேன்."

அவர் பயந்தார் என்று அவர் வாயால் கேட்டது அதுவே முதல் தடவை. என்னைப் போலவே ஒரு பயந்தாங்கொள்ளி இத்தனை நாள் எதிரே உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாமலே போய்விட்டது. என் கையைப் படித்துக்கொண்டிருந்தவரின் கையில் என்ன இருந்தது என்று ஒரு தடவையாவது கேட்டேனா? மூக்குச் சட்டத்துக்குக் கீழே கண்ணீர் இறங்கி வாயில் உப்புக் கரித்தது.

"அப்புறம்?" என்றேன்.

வெளியே கடைமணி ஒலித்தது, யாரோ படியேறி வந்திருக்க வேண்டும். அக்கா எழுந்து போகவில்லை. சட்டத்தைக் கழற்றிவிட்டு என் பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். அவருடைய வலது கை மடியில் இருந்தது. கட்டைவிரல் சுண்டுவிரலின் அடிக்கணுவைத் தொட்டு, அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

"எங்கேருந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியலையே" என்றார்.

"கேள்விய எண்ணாதீங்கக்கா. அடுத்ததுலேருந்து ஆரம்பிங்க."